நோய் மட்டுமா கொன்றது? புணே மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கு எழுப்பும் கேள்வி

- நமது சிறப்பு நிருபர் -

புது தில்லி: புணே நகரின் ஜஹாங்கீர் மருத்துவமனையிலிருந்து 2021-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி தில்லி அரசியல் வட்டாரத்தை உலுக்கியது. காங்கிரஸ் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் காலமானார். அவருக்கு வயது 46. 2014 மக்களவைத் தேர்தலில் மோடி அலையையும் மீறி மகாராஷ்டிரத்தில் அக்கட்சி வென்ற இரண்டே தொகுதிகளில் ஒன்றான ஹிங்கோலியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்.

ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் அவருக்குக் கரோனா நோய்த்தொற்று உறுதியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். உடல்நிலை தேறி வருவதாகவே தகவல்கள் வந்தன. ஆனால், அதன் பின்னர் சைட்டோமெகலோ வைரஸ் என்ற மற்றொரு கிருமி அவரைத் தாக்கியிருப்பது கண்டறியப்பட்டது. கரோனாவின் பிடியிலிருந்து ஏறக்குறைய மீண்டவரை இரண்டாவது தொற்று கொண்டு சென்றது.

வயது குறைவு, நகரின் முன்னணி மருத்துவமனை, கட்சித் தலைமையின் நேரடிக் கவனம். இத்தனையும் இருந்த ஒருவரையே காப்பாற்ற முடியவில்லை என்றால், அதே வாரங்களில் படுக்கை தேடி புணே வீதிகளில் அலைந்த சாமானியர்களின் நிலை என்ன? மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கரோனா நோயாளிகளில் யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள், ஏன்? பெருந்தொற்றின் பேரலைகள் ஓய்ந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஓரளவு விடை கூறிவிட்டது. நாடாளுமன்றத்தில் இதே கேள்வி எழுந்தபோது கிடைத்த விடை மட்டும் இன்றளவும் முழுமை பெறவில்லை.

புணே ஏன்?: மகாராஷ்டிரத்தின் முதல் இரு கரோனா நோயாளிகள் புணேயில்தான் கண்டறியப்பட்டனர். துபையிலிருந்து திரும்பிய தம்பதியருக்கு 2020 மார்ச் 9-ஆம் தேதி தொற்று உறுதியாகி, மாநகராட்சியின் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன்பாக, ஜனவரி 30-ஆம் தேதி, கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்ட நாட்டின் முதல் நோயாளியின் மாதிரியைச் சோதித்து உறுதி செய்ததும் புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனமே. 1952-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் இயங்குகிறது. கோவேக்ஸின் தடுப்பூசிக்கான வைரஸை வழங்கியதும் இதுதான். கோவிஷீல்டு தடுப்பூசியைத் தயாரித்த சீரம் நிறுவனமும் இதே நகரில்தான் உள்ளது.

நோயை அறியும் ஆய்வகமும், நோயைத் தடுக்கும் ஆலையும் ஒருங்கே அமைந்த நகரம் புணே. இருந்தும், 2020 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நாட்டிலேயே மிக அதிகமாக பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் முன்னணியில் நின்றதும் அதுவே. அறிவியல் அருகில் இருப்பதால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வயதே முதல் காரணி: கரோனா இறப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள் உலகெங்கும் ஒரே குரலில் கூறுவது, வயதைப் போல் அபாயமான காரணி வேறில்லை என்பதைத்தான். சீனாவின் வூஹான் நகரில் 191 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு, முதுமை, உடல் உறுப்புகளின் செயலிழப்பு, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் டி-டைமர் அளவின் உயர்வு ஆகிய மூன்றும் இறப்புக்கு முன்னறிவிப்பு என்றது. அந்த 191 பேரில் 54 பேர் உயிரிழந்தனர்.

தமிழகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2020 இறுதியில் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது. தொற்று உறுதியானவர்களில் 5 முதல் 17 வயது வரையிலானோரின் இறப்பு விகிதம் 0.05 சதவீதம், 85 வயதைக் கடந்தோரிடம் அதுவே 16.6 சதவீதம். இறந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை அடுத்த இடங்களில் இருந்தன.

பெண்களைவிட ஆண்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதை பிரிட்டனில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு தெரிவித்தது. அந்த ஆய்வுக் குழுவினரே, நோயாளி மருத்துவமனைக்குள் நுழையும்போது எட்டு விவரங்களைக் கொண்டு இறப்பு அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறை ஒன்றையும் உருவாக்கினர். வயது, பாலினம், இணைநோய்களின் எண்ணிக்கை, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை, ரத்தத்தில் யூரியா, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ஆகியவையே அந்த எட்டு. இவற்றில் ஆறு விவரங்களை ஒரு செவிலியர் நோயாளியின் அருகில் நின்றே அறிந்து கொள்ளலாம். எஞ்சிய இரண்டுக்கு எளிய ரத்தப் பரிசோதனை போதும்.

அதாவது, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அறிவதற்குக் கோடிக்கணக்கான ரூபாயில் கருவிகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனை வாசலை அடைவதும், அங்கே அவருக்கு ஒரு படுக்கை இருப்பதும்தான்.

தாமதம் என்னும் நோய்: புணே ரயில் நிலையத்தை அடுத்துள்ள சசூன் பொது மருத்துவமனை, டேவிட் சசூன் என்ற யூத வணிகரின் நன்கொடையால் 1867-இல் உருவானது. பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இம்மருத்துவமனைக்குத்தான் புணேயின் ஏழை நோயாளிகள் வந்து சேர்ந்தனர். பெருந்தொற்றின் தொடக்க வாரங்களில் இங்கு அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 200 பேரின் விவரங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பத்தில் ஏறக்குறைய மூவர் உயிரிழந்தது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 50 வயதைக் கடந்தவர்கள், இணைநோய் உள்ளவர்கள், சேரும்போதே மூச்சுத் திணறலோடு வந்தவர்கள் ஆகியோரே அதிகம் இறந்தனர்.

மூன்றாவது காரணியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வயதை மாற்ற இயலாது. நீரிழிவை ஒரே நாளில் போக்கவும் இயலாது. ஆனால், மூச்சுத் திணறும் நிலையில் வருவது என்பது பெரும்பாலும் தாமதமாக வருவது. கரோனாவில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிந்த பின்னரும் சில நோயாளிகள் சிரமமின்றிப் பேசிக் கொண்டிருந்தனர். திணறல் வெளியில் தெரியும்போது நிலைமை முற்றிவிடும். விரலில் மாட்டும் சிறு கருவியும், ஆறு நிமிடம் நடந்த பின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சோதனையும் இதைக் கண்டறிவதற்காகவே பரிந்துரைக்கப்பட்டன.

தமிழக, ஆந்திர ஆய்வு மற்றொரு வேதனையான உண்மையையும் கூறியது. மருத்துவமனையில் சேர்ந்து உயிரிழந்தவர்கள் அங்கே கழித்த நாள்கள் சராசரியாக ஐந்துதான். அமெரிக்காவில் இது இரண்டு வாரங்களை ஒட்டியிருந்தது. நமது நோயாளிகள் காலம் கடந்து சேர்க்கப்பட்டனர் என்பதை இது உணர்த்துகிறது.

ஏன் தாமதம்? பரிசோதனை முடிவு வராததால், தனிமைப்படுத்தப்படுவோம் என்ற அச்சத்தால், செலவுக்கு அஞ்சியதால், படுக்கை கிடைக்காததால் எனக் காரணங்கள் பல. இவை எதையும் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் காண முடியாது. அங்கே மூச்சுச் செயலிழப்பு என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும்.

800 படுக்கைகளும் ஓர் இறப்பும்: புணே சிவாஜி நகரில் உள்ள பொறியியல் கல்லூரி மைதானத்தில் 800 படுக்கைகளுடன் அமைக்கப்பட்ட ஜம்போ மருத்துவமனையை 2020 ஆகஸ்டு 23-இல் அப்போதைய முதல்வர் உத்தவ் தாக்கரே தொடங்கி வைத்தார். அடுத்த பத்து நாள்களில், செப்டம்பர் 2-ஆம் தேதி, 42 வயதான தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் அங்கு உயிரிழந்தார். வேறு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல உயிர்காக்கும் வசதி கொண்ட ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று குடும்பத்தினரும் சக செய்தியாளர்களும் குற்றம்சாட்டினர். எதிர்ப்பு வலுத்ததைத் தொடர்ந்து, மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு கைமாறியது.

கூடாரம் அமைத்துப் படுக்கைகளை வரிசையாகப் போட்டுவிடலாம். பயிற்சி பெற்ற மருத்துவரையும் செவிலியரையும் பத்து நாளில் உருவாக்க முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைக் காப்பது கருவியல்ல, அதை இரவு பகலாகக் கவனிக்கும் கண்கள் என்பதை அந்த நாள்கள் புணேக்கு உணர்த்தின.

இரண்டாவது அலையில்: 2021-இல் டெல்டா வகை வைரஸ் பரவியபோது நிலைமை மேலும் மோசமானது. ஐ.சி.எம்.ஆர். பராமரித்த தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற ஏறத்தாழ 19 ஆயிரம் நோயாளிகளின் விவரங்கள் இதைக் காட்டுகின்றன. முதல் அலையில் மருத்துவமனைகளில் சேர்ந்தோரின் சராசரி வயது 50.8, இரண்டாவது அலையில் 48.7. வயது குறைந்தால் இறப்பும் குறைந்திருக்க வேண்டும். மாறாக, இறப்பு விகிதம் 10.2 சதவீதத்திலிருந்து 13.3 சதவீதமாக உயர்ந்தது. 20 வயதுக்கு உள்பட்டோரைத் தவிர அனைத்து வயதினரிடமும் இந்த உயர்வு காணப்பட்டது.

வைரஸின் வீரியம் ஒரு காரணம். மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததும் காரணமாக இருந்திருக்கும். புணேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில், காத்திருப்புக் கூடத்திலேயே நோயாளிகளுக்கு ஆக்சிஜன் செலுத்தப்பட்ட காட்சிகளை 2021 ஏப்ரலில் நாடே கண்டது. இத்தனைக்கும், ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலைகள் அமைந்த சாக்கன் தொழிற்பேட்டை புணே மாவட்டத்திலேயே உள்ளது. அதே மாதம் 21-ஆம் தேதி, நாசிக் மாநகராட்சி மருத்துவமனையில் ஆக்சிஜன் கலன் கசிந்து விநியோகம் தடைபட்டதில் 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர்.

மருத்துவமனைக்குள் இருந்த ஆபத்து: ராஜீவ் சாதவின் மரணம் உணர்த்தும் பாடம் இங்கே நினைவுகூரத்தக்கது. 2020 ஜூன் முதல் ஆகஸ்டு வரை பத்து மருத்துவமனைகளில் 17,534 கரோனா நோயாளிகளிடம் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வில், 3.6 சதவீதத்தினருக்குப் பாக்டீரியா அல்லது பூஞ்சையால் இரண்டாவது தொற்று ஏற்பட்டது தெரியவந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால், அவர்களில் 56.7 சதவீதத்தினர் இறந்தனர். மொத்த நோயாளிகளிடம் இறப்பு விகிதம் 10.6 சதவீதமாக இருந்தது.

உயிர் காக்கும் மருந்தே சில வேளைகளில் எதிரியானது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கை சுவாசத்தில் இருப்போரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெறுவோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதாக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 ஜூனில் அறிவித்தனர். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவே. இந்த இரண்டாவது பகுதி பலருக்கும் எட்டவில்லை. தேவையின்றியும் அளவுக்கு மீறியும் ஸ்டீராய்டு தரப்பட்டதும், கட்டுப்பாடற்ற நீரிழிவும் சேர்ந்து 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவகுத்தன. அதில் மிகுதியாக பாதிக்கப்பட்ட மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. மறுபுறம், உறவினர்கள் அலைந்து திரிந்து தேடிய பிளாஸ்மா சிகிச்சை இறப்பைக் குறைக்கவில்லை என்பதை 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2020-லேயே கூறிவிட்டது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான்.

நாடாளுமன்றம் கேட்டதும் பெற்றதும்: சமாஜவாதி கட்சியின் ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, 2020 நவம்பர் 21-ஆம் தேதி அப்போதைய மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடுவிடம் தனது அறிக்கையை அளித்தது. அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் போதாமையும், தனியார் மருத்துவமனைகள் வரம்பின்றிக் கட்டணம் வசூலித்ததும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன. கட்டணத்துக்கு நிலையான வரையறை இருந்திருந்தால் பல உயிரிழப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்று குழு கருத்து தெரிவித்தது. ஆக்சிஜன் கையிருப்பையும் விலையையும் உறுதி செய்யுமாறு பரிந்துரைத்தது. இரண்டாவது அலை வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்ட வரிகள் இவை.

கட்டணத்தைப் பொருத்தவரை, மகாராஷ்டிர அரசு 2020 மே மாதத்திலேயே தனியார் மருத்துவமனைகளின் 80 சதவீதப் படுக்கைகளுக்கு உச்சவரம்பு நிர்ணயித்திருந்தது. பொதுப் பிரிவுக்கு நாளொன்றுக்கு ரூ.4,000, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ரூ.7,500, செயற்கை சுவாசக் கருவியுடன் ரூ.9,000. தினக்கூலிக் குடும்பத்துக்கு இந்த உச்சவரம்பே எட்டாத உயரம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2021 ஜூலை 20-ஆம் தேதி, மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால் எழுப்பிய கேள்விக்கு, ஆக்சிஜன் பற்றாக்குறையால் நிகழ்ந்ததாகக் குறிப்பிட்டு எந்த இறப்பையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை இணையமைச்சராக இருந்த பாரதி பவார் பதிலளித்தார். நாசிக் துயரம் நிகழ்ந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அமைச்சரும் நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த தொகுதியின் உறுப்பினரே.

எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. எனினும், அக்கட்சிகள் ஆண்ட மாநிலங்களும் இதில் பெருமை கொள்ள இயலாது. தங்கள் மாநிலத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறக்கவில்லை என்றே அப்போதைய மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் ராஜேஷ் டோபேயும் கூறினார். பின்னர் மத்திய அரசு மாநிலங்களிடம் விவரம் கோரியபோது, சந்தேகத்துக்குரிய இறப்புகள் என்ற அளவில்கூட ஒப்புக்கொண்டவை ஓரிரு மாநிலங்களே. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று மத்திய அரசு கூற, மாநிலங்கள் மௌனம் காக்க, இறந்தவர்கள் இருவரின் கணக்கிலும் இடம்பெறாமல் போயினர். இந்த மறுப்பு ஏமாற்றமளிப்பதாகக் கூறிய நிலைக்குழு, மாநிலங்களுடன் இணைந்து ஆக்சிஜன் பற்றாக்குறை இறப்புகளைத் தணிக்கை செய்யுமாறு 2022 செப்டம்பரில் மீண்டும் வலியுறுத்தியது.

எண்ணிக்கையே சிக்கல்: இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கையே சர்ச்சைக்குரியதாக இருந்தது. 2020 ஜூன் 16-இல் மகாராஷ்டிரம் விடுபட்ட 1,328 இறப்புகளை ஒரே நாளில் சேர்த்தது. ஜூலை 22-இல் தமிழக அரசு சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளைச் சேர்த்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் நிகழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. மதிப்பீட்டு முறையை ஏற்க முடியாது என மத்திய அரசு மறுத்தது. ஆனால், 2025-இல் வெளியான அரசின் குடிமைப் பதிவு விவரங்களின்படியே, 2020-இல் 81 லட்சமாக இருந்த பதிவு செய்யப்பட்ட இறப்புகள் 2021-இல் ஒரு கோடியே 2 லட்சமாக உயர்ந்தன. இந்த உயர்வு முழுவதும் கரோனாவால் என்று கூறிவிட முடியாது. பதிவு மேம்பட்டதும் ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். ஆயினும், 21 லட்சம் என்ற வேறுபாடு விளக்கம் கோருகிறது.

இதோடு தொடர்புடைய இன்னொரு தெளிவும் அவசியம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்தார் என்றால், தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் இறந்தார் என்று பொருளல்ல. 2020 ஜூலை, ஆகஸ்டில் புணேயின் ஐந்து பகுதிகளில் 1,664 பேரிடம் நடந்த ரத்தப் பரிசோதனையில் 51.5 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து சென்றிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பங்கேற்ற ஆய்வு இது. பெரும்பாலோர் அறியாமலேயே நோயைக் கடந்தனர். மருத்துவமனை வரை சென்றவர்களுக்கே ஆபத்து மிகுதி. அதனால்தான் அவர்களின் இறப்பை ஆராய்வது முக்கியத்துவம் பெறுகிறது.

காத்தது எது?: இறப்பைக் குறைத்தவற்றில் தடுப்பூசிக்குத் தனி இடம் உண்டு. தமிழகக் காவல் துறையினர் 1.17 லட்சம் பேரிடம் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2021-இல் நடத்திய ஆய்வில், ஒரு தவணை 82 சதவீதமும், இரு தவணைகள் 95 சதவீதமும் இறப்பைத் தடுத்தது தெரியவந்தது.

வீடு திரும்பியதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதையும் அறிய வேண்டும். 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரை ஐ.சி.எம்.ஆர். ஓராண்டு வரை தொடர்ந்து கண்காணித்தது. அவர்களில் 6.5 சதவீதத்தினர் அந்த ஓராண்டுக்குள் உயிரிழந்தனர். ஆண்கள், 60 வயதைக் கடந்தவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கடுமையான தொற்றுக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கே இங்கும் ஆபத்து அதிகம். தொற்றுக்கு முன்பே தடுப்பூசி செலுத்திக் கொண்டவர்களுக்கு அது குறைவாக இருந்தது.

இனி என்ன?: பெருந்தொற்றுக்குப் பின்னர், பிஎம் கேர்ஸ் நிதியில் 1,200-க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக் கட்டடங்கள் அமைக்க ரூ.64,180 கோடியிலான சுகாதார உள்கட்டமைப்புத் திட்டத்தைப் பிரதமர் மோடி 2021 அக்டோபரில் தொடங்கி வைத்தார். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், அடுத்த தொற்றில் யார் இறப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகள் இப்போதே நம் வீடுகளில் இருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் இணைந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் உள்ளன. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்று வீடு தேடிச் சென்று இவற்றைக் கண்டறியும் திட்டங்கள், பெருந்தொற்றுக்கு எதிரான ஆயத்தமும் ஆகும்.

1897-இல் புணேயை பிளேக் நோய் சூறையாடியபோது, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அந்த நோய்க்கே பலியானார் சாவித்ரிபாய் புலே. அதே ஆண்டு ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொற்றுநோய்கள் சட்டத்தையே 2020-இல் நாமும் பயன்படுத்தினோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை வழங்க, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. அது அவசியமான திருத்தமே. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனையில் நிகழும் ஒவ்வோர் இறப்பும் தணிக்கை செய்யப்பட வேண்டும், எத்தனையாவது நாளில் நோயாளி வந்தார், எத்தனை இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டார், ஆக்சிஜன் எப்போது கிடைத்தது என்பவை பதிவாக வேண்டும், அந்த அறிக்கை அவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதற்கும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வயதையும் இணைநோயையும் காரணம் காட்டுவது எளிது. அவை உண்மையும்கூட. ஆனால், நீரிழிவு உள்ள 60 வயது முதியவர் மூன்றாம் நாள் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு விடை, மருத்துவப் புத்தகத்தில் இல்லை. அரசின் கோப்புகளில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு எழுதப்படும் வரை, ஆக்சிஜன் பற்றாக்குறையால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்ற பதிலே அவைக் குறிப்பில் நிலைத்திருக்கும்.